எழுத்துக்கு எட்டு விநாடி

5 நவம்பர் 1984, திங்கள்

விடியும் முன்பிருந்தே மழை. எழுந்ததும் முதல் வேலை: டி.வி.யைப் போட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைப் போட்டு, டேப்பிலிருந்து ப்ரோகிராமை ஏற்றினேன் (நாலு நிமிடம், அதற்குள் பல் தேய்த்தாயிற்று). வரி 310-ல் 40 என்று இருந்ததை 55 ஆக்கினேன், வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கும் நேரம் அது. காப்பி அதற்கப்புறம்தான்.

நேற்று என் வீட்டுக்காரர் விரல் பட்டனை அழுத்துவதற்குள் வெளிச்சம் அடுத்த வார்த்தைக்கு நகர்ந்துவிட்டது. மூன்று தடவை. நாலாவது தடவை முயற்சிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. தவக்காலத்தில், மாதா கோயில் பாடகர் குழு ஒத்திகையில், பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி விழுந்தார். வாய், கால்கள், வலது கை எல்லாம் போய் இடது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். டாக்டர் சொன்னது: புத்தி முழுசாக இருக்கிறது, கேட்பதெல்லாம் புரிகிறது, வெளியே வரத்தான் வழியில்லை. ஆமாம் என்றால் கண்ணை ஒரு தடவை மூடுவார். இல்லை என்றால் இரண்டு தடவை.

போன மாதம் முழுக்க டி.வி.யில் வார்த்தைப் பலகை. நான் எழுதியது. ஒவ்வொரு வார்த்தையாக வெளிச்சம் நகரும். வேண்டியது வந்ததும் விரலுக்கடியில் கட்டியிருக்கும் கதவுமணி பட்டனை அழுத்த வேண்டும். மொத்தம் ஒன்பது:

தண்ணீர். வலி. திருப்பு. பாத்ரூம். ஃபேன் கூட. ஃபேன் குறை. அக்கா. ஜன்னல். போதும்.

ஃபேனைக் கூட்டச் சொல்வது பேச்சா? இன்றிலிருந்து கூடவே எழுத்துப் பலகையும். உயிர் ஒரு வரி, மெய் மூன்று வரி, எண்கள் ஒரு வரி. வ, பிறகு ஏ என்றால் வே. எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரே கஷ்டம், ஓர் எழுத்து எடுத்ததும் திரை முழுவதையும் புள்ளி புள்ளியாகத் திரும்ப வரைய எட்டு விநாடி ஆகிறது. பேசிக் மொழியில் எழுதினால் அப்படித்தான்.

பெட்டி அவருடையது. சாங்கி விமான நிலையச் சரக்குக் கூடத்தில் கன்வேயர் பழுது பார்த்துவிட்டு, வீட்டுக்கு, கிளமெண்டி வரும் இரண்டு பஸ்ஸிலும் கட்டம் போட்ட நோட்டில் எண் எண்ணாக மெஷின் கோட் எழுதிக்கொண்டு வருவார். நான் பேசிக் மேனுவலைப் புரட்டியதைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "பேசிக்னா கோர்ட் இன்டர்பிரட்டர் மாதிரி ரெஜி. ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்திச் சொல்லும். மெஷின் கோட்னா நீயே ஜட்ஜ்கிட்ட நேராப் பேசற மாதிரி." இப்போது அவருக்கு நான்தான் இன்டர்பிரட்டர்.

பத்து மணிக்கு முதல் தடவை. நான் ஸ்டூலில், கையில் பென்சில். என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என்ன வாக்கியம் என்றுகூட யோசித்து வைக்கவில்லை.

வெளிச்சம் உயிர் வரியைத் தாண்டியது. மெய்யைத் தாண்டியது. எண் வரியில் அழுத்தினார். 3. திரும்பவும் 3.

33. பிறகு இடைவெளி. களைத்துவிட்டார்.

வயசா? இல்லை. பஸ் நம்பரா? இல்லை. பக்க எண்ணா? கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

மாலை: பள்ளியிலிருந்து பிரின்சிபால் போன். என் சம்பளமில்லா விடுப்பு டிசம்பரோடு முடிகிறது. ஜனவரியில் கணக்குப் பாடம் எடுக்க வருகிறேனா, வேலையை விடுகிறேனா, டிசம்பர் 14-க்குள் சொல்ல வேண்டும். டைம்டேபிள் போட வேண்டுமாம். பார்க்கலாம் என்றேன்.


6 நவம்பர், செவ்வாய்

காலையில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். கொடுவா மீன், கறிவேப்பிலை, அவர் முதுகுக்குப் பவுடர். அப்படியே ஜாலான் புசார் பக்கம் போய்ப் புதுப் பட்டன் ஒன்று. பழையது ஒட்டிக்கொள்கிறது.

அவருடைய அக்கா பிலோமினா பக்கத்து பிளாக்கில்தான் இருக்கிறாள், தினமும் வருவாள். அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். எண் வந்தால் எழுதி வைக்கவும் சொன்னேன்.

லிஃப்டை விட்டு இறங்கும்போதே பாட்டு கேட்டது. உள்ளே அக்கா நின்றுகொண்டு, பாட்டுப் புத்தகத்தை விரித்து, முழுக் குரலில். அவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

"என்னக்கா?"

"பாட்டு நம்பர்டி. இத்தனை வருசம் கொயர்ல இருந்தவன், வேற என்ன கேப்பான்? முப்பத்திமூணு பாடினேன், அறுபத்திநாலு பாடினேன், இப்போ பதினேழு. பாரு, எப்படிக் கண்ண மூடி லயிச்சிருக்கான்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இரண்டு தடவை மூடினார். திறந்து, திரும்பவும் இரண்டு தடவை.

கோயில் பங்குச் செய்தித்தாளின் பின்பக்கத்தில் அக்கா அழகாக எழுதியிருந்தாள். 64, 17, 91. நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டேன்.

பாட்டு நம்பர் இல்லை என்று தெரிந்துவிட்டது. என்ன நம்பர் என்று தெரியவில்லை.


8 நவம்பர், வியாழன்

துணி காயவில்லை. ஜன்னலுக்கு வெளியே துணி மாட்டி நீட்டும் மூங்கில் கழியை மூன்று தடவை உள்ளே இழுத்தாயிற்று.

காலை ஏழு எண்கள். மாலை ஒன்றும் இல்லை. நடுவில் "தண்ணி வேணுமா" என்று கேட்டால் ஒரு கண்மூடல். அதோடு சரி.

மதியம் அவர் தூங்கியபின் பழைய டேப்புகளை எடுத்து, ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ப்ரோகிராமைப் பதிவு செய்யும் முன் அது என்ன என்று வாயால் சொல்லி வைப்பது அவர் வழக்கம். பிறகு தேடும்போது தெரிய வேண்டும் என்று. அப்புறம் அந்தக் கீச்சு இரைச்சல். ஒன்பது டேப். அவர் குரல் இந்த வீட்டில் வேறெங்கும் இல்லை.

டேப் 1: "கடிகாரம். ரெண்டாவது தடவை. இது ஓடும்."
டேப் 2: "கடிகாரம். மூணாவது. இதுதான் ஓடும்."
டேப் 4: "பந்து ப்ரோகிராம். ரெஜி, கதவைச் சாத்து, ரெக்கார்ட் ஆவுது."

டேப் 4-ஐப் பதினோரு தடவை கேட்டேன். என்னைப் பார்த்துச் சொன்னது அது ஒன்றுதான்.

அவர் நோட்டுகளிலும் தேடினேன். 33, 64, 17 என்று அதே வரிசையில் எங்கும் இல்லை.


10 நவம்பர், சனி

ராஜலிங்கம் வந்தார். இவரோடு சாங்கியில் வேலை செய்பவர், பெட்டிப் பைத்தியத்தில் கூட்டாளி. பட்டனை ஒயரில் இணைத்துக் கொடுத்தவரும் அவரே. பாட்டனார் காலத்தில் வந்த யாழ்ப்பாணக் குடும்பம். பேச்சில் அது இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

எண் பட்டியலைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"அக்கா, இது மெஷின் கோட். எழுத்து வரையிற பகுதியை வேகமாக்க எழுதுறான். நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. எல்லாத்தையும் மண்டைக்குள்ளயே வச்சுக்கொண்டு எழுதுறான்." அவர் பக்கம் திரும்பி, "டேய் பெர்னி, கள்ளா" என்றார்.

ஒரு கண்மூடல். ஆமாம்.

"இன்னும் எவ்வளவு வரும்?" என்றேன்.

"இருநூற்றொண்டு வந்தா முடிஞ்சுது. திரும்பிப் போ எண்டு அர்த்தம் அதுக்கு. அதுவரைக்கும் குறுக்கப் பேசாதேங்கோ."

பிலோ. அக்கா சமையலறையிலிருந்து: "குறுக்கப் பேசறது யாரு? அவனேதான் பேச மாட்டேங்கிறான்லா."

தேநீர் குடித்தபடி ராஜ. சொன்னார், இத்தனை பாடு வேண்டாம், முழு ப்ரோகிராமையும் தானே மெஷின் கோட்டில் எழுதி ஒரு சிப்பில் ஏற்றித் தருவதாக. டேப் வேண்டாம், காத்திருக்க வேண்டாம், சொருகினால் போதும்.

"நாளைக்கு ஒரு வார்த்தை சேக்கணும்னா?"

"எனக்குப் போன் பண்ணுங்கோ. சனிக்கிழமை வந்து மாத்தித் தாறன்."

"செவ்வாக்கிழமை வேணும்னா?"

சிரித்தார். "உங்கட பேசிக் மாட்டு வண்டி அக்கா."

"மாட்டு வண்டில நடுவழியில ஏறிக்கலாம், இறங்கிக்கலாம்."

இவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுவதற்கு முன் எங்கள் ஹாலில் சனிக்கிழமைகள் இப்படித்தான் இருக்கும். அவர் பங்குச் சண்டை மட்டும் இன்று காலியாக இருந்தது.


13 நவம்பர், செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். ஃபேன் கூட, ஃபேன் கூட.

மொத்தம் 41 எண்கள்.

இன்று கேட்டுவிட்டேன். "எட்டு மாசம் கழிச்சு வாய் கிடைச்சிருக்கு. எங்கிட்ட சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

பார்த்தார். வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருந்தது. எண் வரிக்கு வந்தது. அழுத்தினார். 2. 3. 7.

எழுதிக்கொண்டேன்.


14 நவம்பர், புதன்

இதை எழுதி வைக்க வெட்கமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

காலையில் எண் வரியையே பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரே வரியை அழித்தால் போதும், அரை நிமிட வேலை. பேசிக்கின் சுகம் அது. தமிழ் எழுத்து மட்டும் விட்டு வைத்தேன். எண் இல்லாவிட்டால் வார்த்தைதானே வர வேண்டும்.

பத்து மணிக்குத் தொடங்கினோம். வெளிச்சம் மேலிருந்து கீழ் வரை போனது. எண் வரி இருந்த இடத்தில் வெறும் கறுப்பு. அவர் கண் அங்கே நின்றது. பிறகு என் மேல்.

அழுத்தவில்லை. வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தது. நானும் எழுந்திருக்கவில்லை. பத்தேகாலுக்கு அக்கா வந்து பார்த்துவிட்டு, "ரிப்பேரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பத்தரை. பத்தே முக்காலுக்கு விரல் அசைந்தது.

வ. ஏ. ல. ஐ.

வேலை.

நாலு நிமிடம் ஆயிற்று அந்த ஒரு வார்த்தைக்கு. எட்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை. என்னிடம்தான் சொன்னார், நான் அவர் வாயைப் பொத்தியதால்.

எண் வரியைத் திரும்பப் போட்டேன். "மன்னிச்சிருங்க" என்றேன். ஒரு கண்மூடல். அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். மத்தியானம் பிசியோதெரபிக்கு வேன் வந்தபோது வழக்கமாக முகத்தைச் சுளிப்பவர் சுளிக்கவில்லை. வேலைக்குப் போய் வந்த ஆள் போல இருந்தார்.


19 நவம்பர், திங்கள்

காலை 10.20-க்கு 201.

ராஜலிங்கம் சொன்ன கடைசி எண். 201 வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் எழுபத்து மூன்று எண்கள். உடனே உட்கார்ந்து, எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றி, ஓட்டினேன்.

திரை முழுக்கக் கோடுகள். பிறகு வெள்ளை. எந்த விசைக்கும் பதில் இல்லை. அணைத்துப் போட வேண்டியதாயிற்று. அணைத்த பிறகுதான் உறைத்தது: டேப்பில் பதியாமல் ஓட்டியிருக்கிறேன். இரண்டு நாளாகச் செய்த மாற்றங்களும் அந்த எழுபத்து மூன்றும் போயின. (எண்கள் நோட்டில் இருக்கின்றன, அதுவரை நல்லது.)

பின்னால் ஒரு சத்தம். மூச்சுத் திணறுகிறது என்று ஓடினேன். முகம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, தோள் குலுங்கியது, தொண்டையிலிருந்து கக் கக் என்று. கண்ணில் நீர்.

சிரிக்கிறார்.

"ஓட்டறதுக்கு முன்னாடி சேவ் பண்ணு" என்று இந்த ஹாலில் எத்தனை தடவை கத்தியிருப்பார். அக்கா ஓடி வந்து சிலுவை போட்டாள். "என்னடி ஆச்சு அவனுக்கு?" சொல்ல முடியவில்லை, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.


21 நவம்பர், புதன்

தப்பு எங்கே என்று தேடல். நேற்று முழுவதும் நான் தட்டச்சு செய்ததைச் சரிபார்த்தேன். என் தப்பு இல்லை. இன்று நோட்டை எடுத்து அவருக்கு வாய்விட்டுப் படித்தேன்.

"முப்பத்தி மூணு. அறுபத்தி நாலு."

இரண்டு கண்மூடல்.

முதல் இரண்டிலேயே தப்பு. நடுவில் ஏதோ விட்டிருக்கிறது. ஒன்றா என்றேன், இல்லை. இரண்டா, இல்லை. அப்புறம்தான் பூஜ்யமா என்று கேட்டேன். ஒரு கண்மூடல்.

அந்த எண்களை எழுதியது அக்கா. அன்று நான் தேக்காவில்.

"பூஜ்யம் வந்துச்சாக்கா அன்னிக்கு?"

"வந்துச்சு."

"ஏன் எழுதல?"

"பூஜ்யம் நம்பர் பாட்டு எந்தப் புத்தகத்துலடி இருக்கு?"

கணக்கு டீச்சர் வீட்டில் பூஜ்யத்துக்கு மதிப்பில்லாமல் போயிருக்கிறது. எழுபத்து நாலு எண்கள். இந்தத் தடவை முதலில் டேப்பில் பதிந்தேன். பதியும் முன் வாயால் சொல்லவும் செய்தேன், அவர் போலவே: "எழுத்துப் பலகை. அஞ்சாவது. இது ஓடும்."

ஓடியது.

எழுத்தை எடுத்தால், எட்டு விநாடி எங்கே என்று தேட வேண்டும். கண் இமைக்கும் முன் திரை மாறி நிற்கிறது. அக்காவுக்கே புரிந்துவிட்டது. "என்ன, சட்டுனு வருது" என்றாள்.

எழுபத்து நாலு எண்களுக்குச் சுற்றிலும் மற்ற இருநூற்றுச் சொச்சம் வரியும் என் பேசிக்தான். மாட்டு வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் விமானத்துச் சக்கரம்.


22 நவம்பர், வியாழன்

காலை, ஸ்டூல், பென்சில். எண் வேலை முடிந்தாயிற்று. இனி எனக்கு.

முதல் வாக்கியம்:

310 ல 30 போடு.

அவ்வளவுதான். என் வரி 310 மந்தமாம். 55-ஐ 30 ஆக்கினேன். விரலும் இப்போது பழகிவிட்டது, தவறவில்லை.

இரண்டாவது வாக்கியம்: மீன்ல உப்பு.

அதிகமா குறைவா என்று கேட்டேன். அதற்குள் அவர் பார்வை ஜன்னலுக்குப் போய்விட்டது.


26 நவம்பர், திங்கள்

பேச்சு வருகிறது. தினமும் ஐந்தாறு. ராஜலிங்கத்தைப் பற்றி ஒரு கிண்டல். வலது காலில் வலி இல்லை, அரிப்பு என்று ஒரு விளக்கம் (எட்டு மாதமாக வலி மாத்திரை கொடுத்திருக்கிறோம்).

ஆனால் என் பழக்கம் ஒன்று. இரண்டு எழுத்து வந்ததும் வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன். "த" என்றால் "தலையணையா?" "கா" என்றால் "காப்பியா?" பாதி சரியாக இருக்கும். அவர் விட்டுவிடுவார், நேரம் மிச்சம். வகுப்பிலும் அப்படித்தான், பையன் யோசிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவேன்.

இன்று ம, உ என்று வந்தது. "முதுகா?" என்றேன். இரண்டு கண்மூடல். "முட்டையா? முகம் துடைக்கணுமா?"

இரண்டு, இரண்டு. விரல் நிற்காமல் போனது.

முந்தாதே.

பென்சிலைக் கீழே வைத்தேன்.


29 நவம்பர், வியாழன்

மழை, காலையிலிருந்து. ஒன்பதாம் மாடி முழுக்க ஈரத் துணி வாடை.

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு, எழுத்து எழுத்தாக வருவதை அப்படியே எழுதுகிறேன். கஷ்டமாக இருக்கிறது. இன்று வந்தது:

ஸ்கூலுக்குப் போ.

முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

"ஜனவரிலயா?"

ஒன்று.

"அப்போ உங்களை?"

அக்கா.

"இதுக்குத்தான் இவ்வளவு அவசரமா எழுதினீங்களா? என்னை அனுப்பறதுக்கு?"

கண்ணை ஒரு தடவை மூடினார். பொய் சொல்லத் தெரியாது, முன்பும் தெரியாது.

சமையலறைக்குப் போய்ப் புளி கரைத்தேன். எட்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாக்கியம் இது. என்னிடம், எனக்காக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னது. போ.

எட்டு விநாடி இருந்தபோது நான் தேவைப்பட்டேன். காலையில் எழுந்து முதலில் அவருக்காக ஒரு வரியை மாற்றுவேன். இப்போது மாற்ற ஒன்றும் இல்லாத நாள்களும் வருகின்றன.

"போக மாட்டேன்" என்று ஹாலுக்கு வந்து சொன்னேன். ஜன்னல் என்று அழுத்தினார்.


2 டிசம்பர், ஞாயிறு

பூசைக்குப் போனேன், திருவருகைக் காலம் தொடக்கம். முதல் மெழுகுவர்த்தி. பாடகர் குழுவில் அவர் நிற்கும் இடத்தில் வேறு யாரோ, நல்ல குரல்.

பூசை முடிந்து மூன்று பேர் கேட்டார்கள்: "பேசறாராமே?" பேசறார் என்றேன். "என்ன சொல்றாரு?" பஸ் வந்துவிடும் என்று சொல்லிக் கிளம்பினேன்.


6 டிசம்பர், வியாழன்

விஷயம்: அக்கா ப்ரோகிராமை மாற்றிவிட்டாள்.

போன வாரம் வார்த்தைப் பலகையில் "ஃபேன் குறை"-யை எடுத்துவிட்டு "அரிப்பு" சேர்த்தபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மருந்துக் கடைக்குப் போன அரை மணியில், ஆறாம் வகுப்போடு நின்ற பிலோமினா அக்கா, அதே வரியைக் கண்டுபிடித்து, "போதும்" இருந்த இடத்தில் "ஜெபமாலை" போட்டிருக்கிறாள். ஒற்றைப் புள்ளி தவறில்லை. பதிந்தும் வைத்திருக்கிறாள்.

"நீ செய்யறதப் பாத்தேன். சும்மா பேர மாத்தறதுதானே. அவன் கேக்கட்டும்னு போட்டேன்."

"கேட்டாரா?"

"நீ வேற. போதும்னு சொல்ல முடியாம முழிச்சுக்கிட்டிருந்தான்."

எழுத்துப் பலகையில் அவர் எழுதி வைத்திருந்தது: அக்காவ எடு.

ராஜலிங்கத்துக்குப் போனில் சொன்னேன். நெடுநேரம் சிரித்துவிட்டு, சிப் யோசனையை விட்டுவிட்டதாகச் சொன்னார். "உங்கட மச்சாள் கை வைக்க ஏலுமெண்டா அதுதான் நல்ல ப்ரோகிராம்."


11 டிசம்பர், செவ்வாய்

சாங்கிக்குப் போனேன், அவருடைய மருத்துவ ஓய்வுக் காகிதங்களில் கையெழுத்து. இரண்டு பஸ், போக ஒன்றே முக்கால் மணி. விழும்வரை அவர் தினமும் வந்த வழி. ஒரு முழுக் காலையும் வீட்டில் இல்லாதது மார்ச்சுக்குப் பிறகு இதுவே முதல் தடவை.

இரண்டரைக்குத் திரும்பினால், கதவைத் திறக்கும்போதே அவர் விரல் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணில் ஒரு மாதிரிக் குறும்பு. பையை வைக்காமலே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

மைனா வந்துச்சு.

"எங்க?"

ஹால்.

பிறகு: அக்கா தொடப்பம்.

பிறகு நீண்ட நேரம். என்ன வரும் என்று யூகிக்கவே முடியவில்லை. எழுத்து எழுத்தாகக் காத்திருந்தேன், ச, ஊ, ச, ஐ. வாய் தானாகவே மூடிக்கொண்டது, எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

சூசையப்பர் கை போச்சு.

திரும்பிப் பார்த்தால், அலமாரி மேல் சூசையப்பர் சொரூபம் சுவரைப் பார்த்து நிற்கிறது.

சமையலறையிலிருந்து அக்கா: "சொல்லிட்டானா? சொல்லாதன்னேனே, ஒட்டி வச்சிரலாம்னு."

"கை எங்கக்கா?"

"மைனா போன பக்கம்தான் போச்சு. ஒன்பது மாடி கீழ யாரு போய்த் தேடறது."

நான் சிரித்ததும் அவரும் கக் கக். பிறகு இன்னொன்று எழுதினார்: அக்கா மைனாட்ட மன்னிப்பு கேட்டா.

"கேக்கல. சூசையப்பர்கிட்டதான் கேட்டேன்" என்று உள்ளிருந்து குரல்.

இந்தக் கதைக்கு மொத்தம் பதினைந்து நிமிடம். பிறகு சாங்கியில் யார் யாரைப் பார்த்தேன், யார் என்ன கேட்டார்கள், கான்டீனில் காப்பி எப்படிக் கெட்டுப்போயிருக்கிறது என்று நானும் சொன்னேன். அரை மணிக்கு மேல் பேசியிருப்போம். சோறு ஆறிப்போயிற்று.


13 டிசம்பர், வியாழன்

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

நேற்றும் இன்றும் முழு நாள் கூடவே இருந்தேன். தண்ணீர், ஃபேன் கூட, அரிப்பு. எழுத்துப் பலகையில் இரண்டு நாளில் மூன்று வாக்கியம். கோபம் ஒன்றும் இல்லை. அவர் பார்ப்பதையெல்லாம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்குத் தெரியாத எதைச் சொல்வார்.

இருபது வருடம் மாலையில் நாங்கள் பேசியதெல்லாம் என்ன என்று நினைத்துப் பார்த்தேன். கன்வேயரில் மாட்டிய பெட்டி. 2C வகுப்பில் ஒருத்தி வகுத்தலில் விட்ட மீதி. அவர் பார்த்ததை நான் பார்த்திருக்க மாட்டேன், நான் பார்த்ததை அவர் பார்த்திருக்க மாட்டார்.

நாளை பிரின்சிபாலுக்குப் போன் செய்ய வேண்டும். வருகிறேன் என்று சொல்லப் போகிறேன். அவர் போ என்றதால்தான் போகிறேன் என்று அவர் நினைத்துக்கொள்வார், நினைக்கட்டும். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் இல்லை. ராத்திரி ரசத்துக்கு உப்பு பார்க்கும்போது வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஜனவரியிலிருந்து காலை ஏழுக்கு முன் கிளம்ப வேண்டியிருக்கும். இரண்டு மணிக்குத் திரும்பி, கதவருகே செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன், இன்னிக்கு என்ன நடந்துச்சு என்று. அக்கா மத்தியானம் என்ன குழம்பு வைத்தாள் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்காது.